நாற்பத்திரண்டுக்கு ஏழு

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில். படித்தது எம்.எஸ்சி. கணிதம். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை. பதில் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் காபி வேண்டுமா என்று கேட்டுவிடுகிறேன். வீடு மணவாள நகரில். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என் கையில் இருப்பது. அதிலும் வருடத்துக்கு இரண்டு ஞாயிறு, திருவள்ளூரில் நடக்கும் கணிதப் போட்டிக்குப் போய்விடும். ஒன்று தாள் திருத்த, இன்னொன்று பரிசளிப்புக்கு.

போட்டி என்றதும் மணி அடித்து விடை சொல்லும் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே விடை கேள்வியிலேயே இருக்கும். அது ஏன் அப்படி என்று நிரூபித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஏழு மார்க், மொத்தம் நாற்பத்திரண்டு. பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைகள் இங்கே வந்து பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோருக்கு அது புரியாது. கேள்வித்தாள் சரியில்லை என்பார்கள்.

திருத்தும் முறையும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எளிதில் செரிக்காது. பள்ளித் தேர்வில் சூத்திரம் எழுதினால் ஒரு மார்க், படம் போட்டால் ஒரு மார்க். ஒன்றும் தெரியாதவன்கூடக் கேள்வியையே அழகான கையெழுத்தில் பெயர்த்து எழுதி இரண்டு மார்க் தேற்றிவிடலாம். இங்கே அந்தப் பருப்பு வேகாது. நிரூபணம் முழுதாக இருந்தால் ஏழு. சின்ன ஓட்டை, ஒரு வரியில் அடைத்துவிடலாம் என்றால் ஆறு. பாதியில் நின்றுபோன நல்ல யோசனைக்கு ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் பூஜ்யம்.

பரிசிலும் ஒரு விதி உண்டு. மொத்த மார்க்கில் முன்னால் நிற்பவர்களுக்கு முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகள். அதற்குக் கீழே எவ்வளவு வாங்கியிருந்தாலும் வெறுங்கைதான், ஒரே ஒரு வகையினரைத் தவிர. ஏதாவது ஒரு கேள்விக்கு ஏழுக்கு ஏழு வாங்கியவருக்குப் பாராட்டுச் சான்றிதழும் பதக்கமும் கொடுப்பார்கள், மற்ற ஐந்தும் பூஜ்யமாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு இரண்டாகப் பொறுக்கிப் பன்னிரண்டு சேர்த்தவர் கீழே உட்கார்ந்து கைதட்டுவார். ஒன்றே ஒன்றை முழுதாக முடித்தவர் மேடை ஏறுவார். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். கம்பெனியில் நாங்களும் அப்படித்தான். கேஜ் என்கிற அளவுக் கருவியில் உட்கார்ந்தால் எடு, உட்காராவிட்டால் தள்ளு. கிட்டத்தட்ட நல்ல போல்ட் என்று ஒரு பெட்டி எங்களிடம் கிடையாது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்த போட்டியில் இந்த விதியின் கையில் ஒரு பெண் மாட்டிக்கொண்டிருந்தாள். விதி இருப்பதே அவளுக்குத் தெரியாது. பதினோராம் வகுப்பு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. அப்பாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்ட் வேலை. போட்டி நடத்தும் ஆட்களே அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இலவசக் கணக்கு வகுப்பு நடத்துகிறார்கள். அவள் அதற்கு விடாமல் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. பரீட்சைக்கு வராத கணக்கைப் படித்து என்ன ஆகப்போகிறது? தெருவில் மற்றப் பெண்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீட் கோச்சிங் போகிறார்கள். வீட்டில் பேச்சு முற்றி, கடைசியில் அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்தப் போட்டியில் கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு வந்தால் கணக்கு வகுப்பு. இல்லாவிட்டால் அன்றோடு அது முடிந்தது, நீட்தான். ஆறு கேள்வியில் அவளால் ஒன்றுதான் போட முடிந்தது. ஆக அந்த ஒன்றுக்கு ஏழு விழுந்தால் அவளுக்கு வகுப்பு உண்டு, ஆறு விழுந்தால் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பரிசளிப்பு நாளில்தான் தெரிந்தது. திருத்தும்போதே தெரிந்திருந்தால் நான் அந்த மேசையை விட்டு எழுந்து போயிருக்க வேண்டும். அதுதான் முறை.

திருத்தும் வேலை திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் விடைத்தாள் தனித்தனி. பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். ஒரு கேள்விக்கு ஒரு மேசை, மேசைக்கு இரண்டு பேர். இருவரும் தனித்தனியாக மார்க் போட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வோம். பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒத்துப்போனால் சரி. போகாவிட்டால் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் போகும். அவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர், தங்கமான மனிதர், சச்சரவு என்றாலே ஒதுங்கிக்கொள்வார். இரண்டில் குறைந்த மார்க்கை வைத்துத் தாளை மூடிவிடுவார்.

என்னோடு உட்கார்ந்தவர் பள்ளிப்பட்டுப் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர். ஆந்திர எல்லை ஊர் என்பதால் பையன்களையெல்லாம் நைனா என்றுதான் கூப்பிடுவார். போட்டி நாளன்று வேன் பிடித்துத் தன் மாணவர்களை அழைத்துவந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மேல் எனக்கு நிறைய மரியாதை இருந்தது. அவர் திருத்துவதைப் பார்த்ததும் அது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

எங்கள் மேசைக்கு வந்த கேள்வி இது. ஒரு கல்யாணத்துக்குக் குறைந்தது இரண்டு பேராவது வந்திருக்கிறார்கள். சிலர் சிலரோடு கை குலுக்குகிறார்கள், சிலர் குலுக்கவில்லை. எப்படிக் குலுக்கினாலும், ஒரே எண்ணிக்கையில் கை குலுக்கிய இரண்டு பேர் அங்கே கட்டாயம் இருப்பார்கள் என்று நிரூபிக்கவும்.

முதல் தாளிலேயே தகராறு. ஒரு பையன் ஐந்து வட்டம் போட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து, 'படத்திலிருந்து தெளிவாகிறது' என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தான். நான் பூஜ்யம் போட்டிருந்தேன். அவர் சீட்டில் மூன்று.

“மூணு எதுக்கு சார்?”

“கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, ரெண்டு தலைப்பும் எழுதியிருக்கான் மேடம். ஸ்கேல் வெச்சு படம் போட்டிருக்கான். பாவம்.”

“பாவத்துக்கு இங்க மார்க் இல்ல சார்.”

“நீங்க கம்பெனில போல்ட் பாக்கறவங்க. போல்ட்டுக்கு அழத் தெரியாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. மார்க் போடும் முறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே பூஜ்யம் போட்டார். இப்படியே ஒவ்வொரு தாளுக்கும் பேரம் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் பூஜ்யம் போடப் பழகிவிட்டார், ஆனால் ஒவ்வொரு முறையும் பேனாவை மூடித் திறந்து பெருமூச்சு விட்டுத்தான் போடுவார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கும் என் மேல் அப்படித்தான் இருந்திருக்கும்.

சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணின் தாள் வந்தது. ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை. தலைப்பு இல்லை, படம் இல்லை, மார்ஜின் இல்லை. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. அவள் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: வந்தவர்கள் n பேர். ஒருவர் குறைந்தது 0 பேரோடும், அதிகம் போனால் தன்னை விட்டு மற்ற n–1 பேரோடும் கை குலுக்கலாம். எல்லோருடைய எண்ணிக்கையும் வேறு வேறு என்று வைத்துக்கொள்வோம். 0 முதல் n–1 வரை இருப்பது n எண்கள். n பேருக்கும் ஆளுக்கு ஒன்றாக எல்லா எண்ணும் தீர்ந்துவிடும். அப்படியானால் 0 என்று ஓர் ஆள் இருக்கிறார், அவர் யாரோடும் கை குலுக்கவில்லை. n–1 என்றும் ஓர் ஆள் இருக்கிறார், அவர் எல்லோரோடும் குலுக்கிவிட்டார், அந்த 0 ஆளோடும் சேர்த்து. இது நடக்காது. ஆகவே இரண்டு பேருக்காவது ஒரே எண்ணிக்கை.

படித்து முடித்ததும் மனசு நிறைந்துவிட்டது. காலையிலிருந்து குப்பையில் கை விட்டுக் கொண்டிருந்தவளுக்கு அது பெரிய ஆறுதல். சீட்டில் ஏழு எழுதிக் கவிழ்த்து வைத்தேன்.

அவர் சீட்டைத் திருப்பினார். ஆறு.

“பிரமாதமான பேப்பர் மேடம்” என்றார். “இன்னிக்கு பாத்ததுல இதான் பெஸ்ட்டு. அதான் ஆறு.”

“பெஸ்ட்டுன்னா ஏன் சார் ஆறு?”

“முழு மார்க் போடக்கூடாது. நான் ரிவிஷன் டெஸ்ட்ல யாருக்கும் முழு மார்க் போட்டதில்ல. ஒரு மார்க் பிடிச்சு வெச்சாத்தான் பப்ளிக்ல முழுசா வாங்குவான். இல்லன்னா தலைக்கனம் வந்துடும்.”

இதை அவர் ஒரு வாத்தியாரின் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றுமே எழுதாதவனுக்கு இரக்கப்பட்டு மூன்று, எல்லாம் எழுதியவருக்கு அக்கறையோடு ஆறு. பூஜ்யமும் ஏழும் அவர் கைக்கு வரவே வராது. எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளில் இந்தப் பழக்கம் ஊறிப்போனது என்று எனக்குத் தெரியும். எனக்கும் பள்ளியில் ஒரு மார்க்கைப் பிடித்துப் பிடித்துத்தான் வைத்தார்கள். அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு போட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இந்தத் தாளுக்கு உரியவர் மற்றக் கேள்விகளில் என்ன செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு பதக்கம் இருக்கக்கூடும் என்று தெரியும். அவருக்கு அது தெரியவில்லை. விதிமுறைத் தாளில் அச்சடித்துத்தான் கொடுத்திருந்தார்கள், யாரும் அதைப் படிப்பதில்லை. சொன்னால் அவர் உடனே ஏழு போட்டுவிடுவார், இரக்கப்பட்டு. பரிசை நினைத்து மார்க் போடக்கூடாது, தாளைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது அந்த அறையின் முதல் விதி. தவிரவும், இந்த நிரூபணத்துக்கு இரக்கத்தில் ஏழு விழுவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. வாயை மூடிக்கொண்டேன்.

“எந்த வரி தப்பு, அத சொல்லுங்க சார். ஒரு ஓட்டை காட்டுங்க, நானே ஆறு போடறேன். இல்லன்னா ஏழு.”

“ஓட்டைதானே? காட்டறேன்” என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ரோஷக்காரர்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காலையிலிருந்து தலைப்பையும் கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் முதன்முறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெள்ளைத்தாளில் நான்கு பேரைப் போட்டுப் பார்த்தார். மூன்று பேரைப் போட்டுப் பார்த்தார். டீ வந்தது, ஆடை படிந்து ஆறிப்போனது. பக்கத்து மேசையில் திருத்தி முடித்துக் கிரிக்கெட் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் இரண்டு தடவை எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் வந்து தாளைக் கேட்டால் ஆறுதான்.

திடீரென்று பள்ளிப்பட்டு ஆசிரியர் மேசையைத் தட்டினார். “பிடிச்சுட்டேன். இந்த 0 ஆளும், அந்த n–1 ஆளும் ஒரே ஆளா இருந்தா? ரெண்டும் வேற வேற ஆளுன்னு எங்க எழுதியிருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. நல்ல கேள்வி. ஒரே ஒருவர் மட்டும் கல்யாணத்துக்கு வந்திருந்தால் n–1 என்பதும் 0 தான், இரண்டும் ஒரே ஆள்தான், நிரூபணம் விழுந்துவிடும். நான் இதை யோசிக்காமலேயே ஏழு போட்டிருந்தேன். அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது. கேள்வித்தாளை எடுத்து அவர் முன் நகர்த்தினேன். அவரே சத்தமாகப் படித்தார். “குறைந்தது இரண்டு பேராவது...” படித்துக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. இரண்டு பேர் இருந்தால் 0 வேறு, n–1 வேறு. ஒரே ஆளுக்கு இரண்டு எண்ணிக்கை இருக்க முடியாது. கேள்வியே அந்த ஓட்டையை அடைத்து வைத்திருந்தது.

பிறகு சீட்டில் இருந்த ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். அன்றைக்கு முதல் தடவையாகப் பெருமூச்சு விடாமல் எழுதினார். “என் சர்வீஸ்ல இப்பதான் மேடம்” என்று மட்டும் சொன்னார். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

பரிசளிப்பு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பள்ளியின் அரங்கத்தில் நடந்தது. போட்டி எழுதிய எல்லோரையும் பெற்றோரோடு அழைத்திருந்தார்கள். வேப்பம்பட்டு, மணவாள நகர்ப் பக்கத்துப் பெற்றோர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தவர்கள் பஸ் மாறி வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். மைக் பிடித்தவர் எங்கள் ஊர் வழக்கப்படி பெயரோடு மார்க்கையும் சேர்த்து வாசித்தார். மார்க் சொல்லாமல் பரிசு கொடுத்தால் எங்கள் ஆட்களுக்கு அது பரிசாகவே படாது. முதல் பரிசு முப்பத்தைந்து. இரண்டாம் பரிசு இருபத்தொன்பது. மூன்றாம் பரிசு இருபத்திரண்டு. கைதட்டல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பிறகு பாராட்டுச் சான்றிதழ் என்று சொல்லி, அந்தப் பெண்ணின் பெயரை வாசித்து, “நாற்பத்திரண்டுக்கு ஏழு” என்றார்.

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. விதியை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று மைக் பிடித்தவருக்குத் தோன்றவில்லை. தப்பாக வாசித்துவிட்டோமோ என்று அவரே தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்து எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்ட ஒல்லியான ஒரு பெண் எழுந்து வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு மேடை ஏறினாள், பதக்கத்தை வாங்கினாள், போட்டோவுக்கு நிற்காமல் இறங்கிவிட்டாள். பரிசுப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே எங்கள் மேசைக் கேள்வியின் எண்தான் இருந்தது, அங்கே ஏழு விழுந்தது அந்த ஒரு தாளுக்குத்தான். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஏழுக்காக நான் அவ்வளவு மல்லுக்கட்டியது இதற்காகவா என்று இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தகப்பனார் ஒருங்கிணைப்பாளரைப் பிடித்துக்கொண்டார். தன் பையன் பத்தொன்பது, அவனுக்கு ஒன்றுமில்லை, ஏழுக்குப் பதக்கமா, இது என்ன நியாயம் என்று குரலை உயர்த்தினார். பள்ளிப்பட்டு ஆசிரியர் என் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மாணவன் ஒருவனும் பதினேழு வாங்கி வெறுங்கையோடு நின்றான். அவர் பாக்கெட்டிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அப்போதுதான் படித்தார்.

“அப்ப அன்னிக்கு நான் ஆறு போட்டிருந்தா?”

“ஒண்ணும் கெடைச்சிருக்காது சார்.”

“சொல்லவே இல்லையே நீங்க.”

“சொல்லியிருந்தா இரக்கப்பட்டு போட்டிருப்பீங்க.”

அவருக்குக் கோபம் வந்தது, முகம் சிவந்துபோனது. அது எதன் மேல் என்று அவர் சொல்லவில்லை. தன் மாணவனின் மார்க் சீட்டை வாங்கிப் பார்த்தார். வடிவியல் கேள்விக்கு அவனுக்கு ஆறு போட்டிருந்தார்கள். வேறு யாரோ திருத்தியது. அதில் ஓட்டை இருந்ததா, அல்லது யாரோ ஒரு மார்க்கைப் பிடித்து வைத்தார்களா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சீட்டை மடித்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் நைனா” என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் அப்பா, திருத்தியவர்கள் யார் என்று விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருக்கிறார், காலில் ஆலையில் போடும் கனத்த ஷூ. கண் சிவந்திருந்தது. பெண் இரண்டடி பின்னால் நின்றாள். பதக்கம் கழுத்தில் இல்லை, கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். வீட்டில் நடந்த பேச்சையெல்லாம் அவர் ஒளிக்காமல் சொன்னார். கையில் ஏதாவது வாங்கி வந்தால் வகுப்புக்கு விடுகிறேன் என்று தான் சொன்னதை, நீட் கோச்சிங்கில் பேர் கொடுத்து வைத்திருப்பதை, எல்லாவற்றையும்.

“வாக்கு குடுத்துட்டேன் மேடம். இப்ப அவ கையில ஒண்ணு கீது. ஆனா எல்லாரும் சிரிக்கிறானுங்க. நாப்பத்திரண்டுக்கு ஏழுன்னா பெயிலு தானே? பெயிலுக்கு எதுக்கு மெடலு? பொம்பளப் புள்ளைன்னு பாவம் பாத்து குடுத்துக்கினீங்களா?”

நான் விதியை விளக்க ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை என்று முகமே சொன்னது. நான் நல்லபடியாகப் பேசப் பேச, பாவம் பார்த்ததுதான் என்று அவருக்கு உறுதியாகிக்கொண்டு போனது.

பள்ளிப்பட்டு ஆசிரியர் குறுக்கே வந்தார். “அண்ணே, அந்த ஏழ போட்டது நான். மொதல்ல ஆறுதான் போட்டேன். பாவம் பாக்கல, அரை நாள் உக்காந்து அத ஒடைக்கப் பாத்தேன். முடியல. முடியலன்னுதான் ஏழு போட்டேன்.”

“நீங்க வாத்தியாரா?”

“கணக்கு வாத்தியார்.”

“வாத்தியாரே ஒடைக்கப் பாத்தும் ஒடையலயா?”

“ஒடையல.”

அவர் திரும்பித் தன் பெண்ணைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது.

“எங்க சார் ஒடைக்கப் பாத்தீங்க?”

“அந்த 0 ஆளும் n–1 ஆளும் ஒரே ஆளா இருந்தா என்ன பண்ணுவ?”

“ஒரு ஆளு மட்டும் வந்திருந்தாதான் சார் அப்படி ஆவும். கேள்வியில கொறஞ்சது ரெண்டு பேருன்னு போட்டுக்கீதே” என்றாள். மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை. ஆசிரியர் என்னைப் பார்த்தார். அரை நாள் போனதெல்லாம் அவர் முகத்தில் தெரிந்தது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் ஒரு கணக்கு தீரவில்லை. “சரி, அது ஒண்ணு. மீதி அஞ்சு இன்னா ஆச்சு?”

“எழுதனேன்பா. அப்புறம் அடிச்சிட்டேன்.”

“எதுக்கு அடிச்ச?”

“பாதியில நின்னுபோச்சு. மேல வரல.”

“அப்படியே உட்டிருந்தா?”

அவள் ஆசிரியரையும் என்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “ஒண்ணு ரெண்டு போட்டிருப்பாங்க.”

“போட்டிருந்தா இவனுங்க சிரிச்சிருக்க மாட்டானுங்களே. பின்ன ஏன்மே அடிச்ச?”

“அது ப்ரூஃப் இல்லபா. எனக்கே தெரிஞ்சிது இல்லன்னு. தெரிஞ்சுக்கினே எப்படிப்பா குடுக்கறது?”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் யாரோ பெரியபாளையம் பஸ் வந்துவிட்டது என்று கத்தினார்கள், அங்கே போய் பஸ் மாற வேண்டிய கும்மிடிப்பூண்டிக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். அவள் அப்பா நகரவில்லை. பெண்ணின் கையைப் பிரித்து அந்தப் பதக்கத்தை எடுத்தார், நாடாவில் இருந்த சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார், அவள் கழுத்தில் போட்டார்.

“அப்போ அஞ்சு பாக்கி கீது.”

“ஆமாம்பா.”

“அத்த முடிக்க எத்தினி ஞாயித்துக்கெழம ஆவும்?”

“சொல்ல முடியாதுபா. ஒண்ணுக்கே ஒரு வருசம்கூட ஆவும்.”

“ஆவட்டும்” என்று அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.